கடைசி ஆறு அடிக்கு வரிவிலக்கு வேண்டி

அனுப்புநர்:
வே. நாச்சியம்மாள்,
நிர்வாக அறங்காவலர், முதலடி நடைப்பயிற்சி அறக்கட்டளை,
மற்றும் உரிமையாளர், நாச்சி லேத் பட்டறை,
14/3, பம்ப்ஹவுஸ் வீதி, நொய்யல்மேடு,
போத்தனூர் வழி, கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
ஆணையாளர் அவர்கள்,
நொய்யல்மேடு நகராட்சி,
நொய்யல்மேடு.

பொருள்: சொத்துவரி – முதலடி நடைப்பயிற்சிக் கூடம் – திருமண மண்டபம் எனத் தவறாக வகைப்படுத்தப்பட்டமை – அறக்கட்டளைக் கட்டடத்திற்கு 2019 முதல் வழங்கப்பட்டுவந்த வரிவிலக்கை மீட்டளிக்கக் கோருதல் – பட்டறையின் விடுபட்ட பகுதிக்கு வரி விதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக வரி மறுநிர்ணய அறிவிப்பு, நாள் 17.09.2025, மற்றும் அதனுடன் இணைக்கப்பட்ட களஆய்வுக் குறிப்பு (24.09.2025 அன்று என்னால் கையொப்பமிட்டுப் பெறப்பட்டது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் நடைப்பயிற்சிக் கூடம் திருமண மண்டபம் அன்று என்பதைப் பணிவுடன் தெரிவித்தும், அவ்வாறு கருத நேர்ந்ததில் எங்கள் பங்கே அதிகம் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டும் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன். களஆய்வுக்கு வந்த தங்கள் வருவாய் உதவியாளர் மீது எனக்கு யாதொரு மனக்குறையும் இல்லை. அவர் பெயரை இம்மனுவில் எங்கும் குறிப்பிடாதது மறதியால் அன்று, வேண்டுமென்றே. அன்று அவர் கண்ட காட்சியை நான் கண்டிருந்தாலும் அவர் எழுதியதையேதான் எழுதியிருப்பேன்.

2. மேற்கண்ட கதவு எண்ணில் இரண்டு கட்டடங்கள் உள்ளன. தெருவைப் பார்த்து நிற்பது எனது லேத் பட்டறை. மோட்டார் பம்புகளுக்கான ஷாஃப்ட்டுகளைக் கடைந்து கொடுப்பது அங்கு நடைபெறும் தொழில். பத்தொன்பது ஆண்டுகளாக அதனை நானே நடத்திவருகிறேன். அதற்குரிய சொத்துவரியை ஒவ்வோர் அரையாண்டின் தொடக்கத்திலேயே செலுத்தி, முன்கூட்டிச் செலுத்துவோருக்குத் தங்கள் அலுவலகம் வழங்கும் ஊக்கச்சலுகையையும் பெற்றுவருகிறேன். தொழிலுக்கு அந்தச் சலுகை போதுமானது. வேறு எதுவும் கேட்கமாட்டேன். இலாபம் ஈட்டும் இடத்திற்கு வரி கட்டும்போது தலை நிமிர்ந்து கட்டவேண்டும் என்பது என் கொள்கை. விலக்குக் கோருவது, பட்டறைக்குப் பின்புறம் நாற்பத்திரண்டு அடி நீளமும் பதினெட்டு அடி அகலமும் கொண்டு நிற்கும் கூடத்திற்கு மட்டுமே.

3. இம்மனுவின் சொற்கள் யாவும் என்னுடையவை. எழுத்தர் எவருடைய உதவியும் பெறப்படவில்லை. என் பள்ளிப்படிப்பு ஏழாம் வகுப்போடு முடிந்தது. அதன் பின்னர் அரசாணைகள், ஏல அறிவிப்புகள், மின்வாரியச் சுற்றறிக்கைகள் ஆகியவற்றை விடாமல் வாசித்து, அலுவலகத் தமிழை நானாகவே கற்றுக்கொண்டேன். எங்கள் வீதியின் நான்கு தெருவிளக்குகளும், இரயில்வே கேட்டருகே உள்ள வேகத்தடையும் என் மனுக்களின் பயனாக வந்தவை. இதனைத் தற்புகழ்ச்சிக்காகக் கூறவில்லை. இம்மனுவில் பிழையிருப்பின் அதற்கும் நான் ஒருத்தியே பொறுப்பு என்பதைப் பதிவு செய்வதற்காகக் கூறுகிறேன்.

4. கூடம் தோன்றிய வரலாறு வருமாறு. 2017-ஆம் ஆண்டு என் கணவர் திரு. வேலுமணி பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு, வலது காலும் வலது கையும் இயங்காமல் வீடு திரும்பினார். இருபுறமும் கம்பியைப் பற்றிக்கொண்டு அன்றாடம் நடந்து பழகினால் எழுந்துவிடலாம் என்று மருத்துவமனையில் கூறினார்கள். அத்தகைய கம்பிகள் இருந்த இடத்திற்குச் செல்ல இரண்டு பேருந்துகள் மாறவேண்டியிருந்தது. அவரோ வாசற்படி தாண்டவே இருவர் தோள் கொடுக்கவேண்டிய நிலையில் இருந்தார். என்னிடம் குழாய் இருந்தது; லேத்தும் இருந்தது. இரும்புச் சாமான் வைத்திருந்த பின்கட்டைக் காலி செய்து, இடுப்பு உயரத்தில் இரண்டு கம்பிகளைத் தரையில் போல்ட் அடித்து நிறுத்தினேன். கைபட்டால் உறுத்தாதபடி அவற்றை நானே கடைந்து மெருகேற்றினேன். எவ்வளவு தூரம் வந்தோம் என்பது நடப்பவருக்குத் தெரியவேண்டும் என்பதால், தரையில் அடிக்கொன்றாகப் பித்தளைப் பொட்டுகளைப் பதித்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு பொட்டுகள்.

5. ஒன்றைத் தாங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன். கம்பிகளின் நீளம் முப்பத்தாறு அடி மட்டுமே. கடைசி ஆறு அடி வெறும் தரை. இது குழாய்ப் பற்றாக்குறையால் நேர்ந்ததன்று. கம்பி சுவர்வரை சென்றால் நடப்பவர் சுவர்வரை கம்பியைத்தான் நம்புவார். முப்பத்தாறாம் பொட்டில் நின்று கையை எடுக்கவேண்டும்; மீதி ஆறு பொட்டுகளை எதையும் தொடாமல் கடக்கவேண்டும். என் கணவர் அந்த இடத்தில் ஒரு மாதத்திற்கும் மேலாக நின்று திரும்பினார். ஐந்தாம் மாதம் ஒரு காலைப்பொழுதில் கடந்தார். கடந்ததும் அவர் கூறிய முதல் வாக்கியம், "காப்பி வெச்சயா இல்லையா?" என்பதாகும்.

6. செய்தி பரவியது. அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டு நோயாளிகளைக் கைத்தாங்கலாக அழைத்துவரலாயினர். 2018-இல் கூடத்தைப் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் வழியே அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். சரவணம்பட்டியிலிருந்து இயன்முறை மருத்துவர் திருமதி சண்முகப்பிரியா வாரத்தில் மூன்று நாட்கள் வந்து பயிற்சியளிக்கிறார். எவரிடமும் எக்காலத்திலும் கட்டணம் பெறப்பட்டதில்லை. அறப்பணிக்கென மட்டுமே பயன்படும் கட்டடங்களுக்கு வரிவிலக்குக் கோரலாம் என்ற தங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையைக் கண்டு 2019-இல் விண்ணப்பித்தேன். விலக்கு வழங்கப்பட்டது. என் கணவர் தொடங்கி இன்றுவரை அறுபத்து மூன்று பேர் நாற்பத்திரண்டு அடியையும் கடந்துள்ளனர். அவர்களது பெயர்கள் கூடத்தின் மேற்குச் சுவரில் எழுதப்பட்டுள்ளன.

7. இனி, பிழைக்குக் காரணமான எங்கள் வழக்கத்தை விளக்கவேண்டும். ஒருவர் கடைசி ஆறு அடியை முதன்முறையாகக் கடந்துவிட்டால், அவர் பொருட்டு நாங்கள் விருந்து வைப்பது வழக்கம். அவரவர் வீட்டில் சமைத்ததை அவரவர் கொண்டுவருவார்கள். நடந்தவருக்கு மாலை அணிவிப்போம். நடந்தவர் ஒருவராயினும், மாதக்கணக்கில் அவருடைய வசவுகளைத் தாங்கிக்கொண்டு கூடவே நின்றவர் இன்னொருவர் இருப்பார் அல்லவா? அவருக்கும் ஒரு மாலை. ஆகவே எங்கள் கூடத்தில் மாலைகள் எப்போதும் இரண்டு.

8. உக்கடம் பகுதியில் தராசு பழுது பார்க்கும் தொழில் செய்யும் திரு. கலீல் ரஹ்மான், வயது 66, பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டுச் சென்ற ஆண்டு செப்டம்பரில் எங்கள் கூடத்திற்கு வந்தார். பதினொரு மாதங்கள் அவருடன் நாள் தவறாமல் வந்தவர் அவருடைய மனைவி திருமதி சித்திகா. 18.08.2025 திங்கட்கிழமையன்று அவர் நாற்பத்திரண்டாம் பொட்டை மிதித்தார். விருந்து 20.08.2025 புதன்கிழமை நண்பகலில் என முடிவாயிற்று. தங்கள் வருவாய் உதவியாளர் அளவு நாடாவுடன் களஆய்வுக்கு வந்ததும் அதே புதன்கிழமை, அதே நண்பகல்.

9. அன்று கூடத்தில் நிலவிய சூழ்நிலையை உள்ளது உள்ளபடி தெரிவிக்கிறேன். பெரிய தேக்சா ஒன்றில் கலீல் ரஹ்மான் வீட்டாரின் பிரியாணி இறக்கப்பட்டிருந்தது. மறுபுறம் பயிற்சிக்கு வரும் தோட்டத்துக் குடும்பங்கள் கொண்டுவந்த அரிசிம்பருப்பு சாதமும் சந்தகையும் தேங்காய்ப்பாலும் இருந்தன. இலைகள் போடப்பட்டிருந்தன. வாயிலருகே தாம்பூலப் பைகள் அடுக்கப்பட்டிருந்தன. பட்டுச்சேலையணிந்த திருமதி சித்திகாவும், வெள்ளைச் சட்டையணிந்த திரு. கலீல் ரஹ்மானும் கழுத்தில் ரோஜா மாலைகளுடன் கடைசி ஆறு அடிப் பகுதியில் இரண்டு நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு ஃபிளெக்ஸ் பேனர்.

10. அந்தப் பேனரைப் பற்றித் தனியே கூறியாகவேண்டும். அதனை அச்சிட்டவர் எங்கள் வீதியில் ஃபிளெக்ஸ் கடை வைத்துள்ள திரு. தமிழ்வேந்தன். நேரம் போதாமையால் அவர் தம் கணினியில் ஏற்கெனவே தயாராக இருந்த திருமணப் பேனரை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார். அதன் பயனாக, நான்கு மூலைகளிலும் ரோஜாக்களும், நடுவில் மூக்கோடு மூக்கு உரசும் இரண்டு புறாக்களும், அவற்றின் கீழ் "கலீல் ரஹ்மான் – சித்திகா இணையர் நீடூழி வாழ்க" என்ற வாசகமும் அமைந்துவிட்டன. விருந்து தொடங்குவதற்குச் சற்று முன்னர்தான் அதனைக் கண்டேன். புறாக்கள் எதற்கு என்று கேட்டதற்கு அவர், "அக்கா, புறாவுக்குன்னு தனியாக் காசு வாங்கலீங்க, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுங்க" என்றார். பேனரை இறக்க நேரமில்லை. அங்கே நான் கண்டிப்புக் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. இது எங்கள் முதல் தவறு.

11. இரண்டாம் தவறு எங்கள் உபசாரம். வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொல்வதற்கு முன்னர் யார், என்ன என்று விசாரிப்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிற ஊர் இது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். வருவாய் உதவியாளரைக் கண்டதும் என் கணவர் அவரைக் கலீல் ரஹ்மானின் வாடிக்கையாளர் என்று கருதிக்கொண்டார். கலீல் ரஹ்மான் வீட்டாரோ, அவரை என் கணவரின் உறவினர் என்று கருதிக்கொண்டனர். இரு தரப்பாரும் போட்டி போட்டுக்கொண்டு அவரை உபசரித்தார்கள். அங்கு நடந்த உரையாடலை, நேரில் கேட்டவள் என்ற முறையில், சொற்கள் மாறாமல் கீழே தருகிறேன்:

வருவாய் உதவியாளர்: "நான் அளக்க வந்தனுங்க."

என் கணவர்: "அளக்கறது எங்கீங்க போயிரும்? எலை போட்டாச்சுங்க, ஒக்காருங்க."

வருவாய் உதவியாளர்: "இல்லீங்க, நான் டூட்டில இருக்கறனுங்க."

என் கணவர்: "நாங்க மட்டும் என்னங்க, எல்லாரும் டூட்டிலதானுங்க இருக்கறோம். சந்தகை ஆறிப்போவுதுங்க, ஒக்காருங்க."

அமர்ந்தார். பிரியாணி, சந்தகை இரண்டையும் உண்டார். இதனை நான் குற்றமாகக் கூறவில்லை. அன்று அங்கிருந்து உண்ணாமல் வெளியேற எவராலும் இயலாது. "அளக்க" என்ற சொல் என் காதிலும் விழுந்தது. தராசுக்காரர் வீட்டு விருந்தில் அளவைப் பற்றிப் பேசுவது இயல்பே என்று எண்ணி நானும் அவருக்கு இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றினேன்.

12. உண்டு முடித்ததும் அவர் மாலையணிந்திருந்தவர்களை நெருங்கி, "ரெண்டு பேரும் நல்லா இருக்கோணுங்க" என்று வாழ்த்தினார். பின்னர் திருமதி சித்திகாவிடம், "இந்த மண்டபத்துக்கு வாடகை எவ்வளவுங்க?" என்று வினவினார். அதற்கு அவர், "இங்க யாருங்க காசு வாங்கறாங்க? கேட்டாலே நாச்சியம்மா சண்டைக்கு வந்துருவாங்க" என்று பதிலளித்தார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. ஆயினும் களஆய்வுக் குறிப்பில் அது, "வாடகை விவரம் கூற மறுக்கின்றனர், உரிமையாளருக்கு அஞ்சுகின்றனர்" என்று பதிவாகியுள்ளது.

13. குறிப்பின் ஏனைய பதிவுகளுக்கும் எங்கள் விளக்கம்:

"விருந்தினர் வரிசைக்கான தடுப்புக் கம்பிகள், இரண்டு" – அவை நடைப்பயிற்சிக் கம்பிகள். பத்தி 4 காண்க.

"தரையில் பித்தளை அலங்கார வேலைப்பாடு" – அடிக்கணக்குப் பொட்டுகள். என் பட்டறைக் கழிவிலிருந்து கடையப்பட்டவை. எனினும் அலங்காரம் என்று ஓர் அரசு ஆவணம் பதிவு செய்திருப்பதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சியே.

"மணமேடைப் பகுதி, ஆறு அடி" – கம்பியில்லாத கடைசி ஆறு அடி. ஐயா, குறிப்பின் ஏனைய வரிகளைப் படித்துச் சிரித்த நான், இவ்வொரு வரியில் மட்டும் சிறிது நேரம் நின்றுவிட்டேன். அவ்விடத்தில் இதுவரை எவருக்கும் தாலி கட்டப்படவில்லை. ஆனால் அறுபத்து மூன்று பேர் அங்கே கம்பியிலிருந்து கையை எடுத்திருக்கிறார்கள். அதற்கு முறையான அலுவலகச் சொல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. வருவாய் உதவியாளருக்கும் கிடைத்திராது.

"மணமக்கள் மூத்த வயதினர்" – ஆட்சேபனை இல்லை.

14. அறிவிப்பு கிடைத்த செய்தி கூடமெங்கும் பரவியபோது எவரும் கோபம் கொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். திரு. கலீல் ரஹ்மான் அதன் நகலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, "எங்க நிக்காஹ் நடந்தப்ப மழையில பந்தலே சாஞ்சு போச்சும்மா. நாப்பத்தொரு வருசம் கழிச்சு நகராட்சியே மண்டபம் குடுத்து நடத்தி வெச்சுருச்சு" என்றார். அதைக் கேட்ட திருமதி சித்திகா, "மறுக்காவும் இவரையேவா? நோட்டீசுல வேற பேரு போட எடமே இல்லீங்களா?" என்று வினவினார். அந்த நகல் தற்போது அவர்கள் கடையில், தராசுகளுக்கு மேலே, கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப்பட்டுள்ளது. எனவே விலக்கு மீட்டளிக்கப்பட்டாலும் அந்நகலைத் திரும்பப் பெற வேண்டாமென்று அவர்கள் சார்பில் வேண்டுகிறேன்.

15. ஆயினும் சிரிப்பு தீர்ந்த பின்னர் எஞ்சுவது ஒரு மெய்யான இடர். திருமண மண்டபத்திற்குரிய வரி, என் பட்டறைக்குரிய வரியைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. கட்டணமே பெறாத அறக்கட்டளைக்கு அதனைச் செலுத்த ஒரே ஒரு வழிதான் உண்டு. கூடத்தை முகூர்த்த நாட்களில் மெய்யாகவே வாடகைக்கு விடவேண்டும். அவ்வாறு விடுவதானால் நடுவிலுள்ள கம்பிகளைக் கழற்றியாக வேண்டும். 05.10.2025 அன்று கூடிய அறங்காவலர் குழு, விலக்கு மீளாவிடில் வரும் தை மாதம் முதல் அவ்வாறே செய்வதென்று மனமில்லாமல் தீர்மானித்துள்ளது. அந்தப் போல்ட்டுகளை முடுக்கியவள் நான், கழற்றவேண்டியவளும் நானே.

16. தற்போது பயிற்சியில் உள்ளோர் பதினொருவர். அவர்களுள் ஒருவரைக் குறித்து மட்டும் கூற அனுமதிக்க வேண்டுகிறேன். செல்வி நந்திதா, வயது 26, சொந்த ஊர் பல்லடம். சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றிவந்தார். சென்ற ஆண்டு நவம்பரில் நேர்ந்த இருசக்கர வாகன விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. சனவரியில் சக்கர நாற்காலியில் எங்கள் கூடத்திற்கு வந்தபோது அவரால் எழுந்து நிற்கவே இயலவில்லை. இன்று கம்பியைப் பற்றியவாறு முப்பத்தாறு அடி வரை நடக்கிறார். ஏழு வாரங்களாக நாள்தோறும் முப்பத்தாறாம் பொட்டில் நிற்கிறார்; எதிரிலுள்ள ஆறு பொட்டுகளைப் பார்க்கிறார்; திரும்பிவிடுகிறார். அவரை எவரும் அவசரப்படுத்துவதில்லை. அவ்விடத்தில் அவசரப்படுத்தக் கூடாதென்பது, அங்கு தாமே நெடுநாள் நின்ற என் கணவரின் உத்தரவு. ஆனால் குழுவின் தீர்மானத்தைக் கேள்வியுற்ற நந்திதா என்னிடம், "அக்கா, நீங்க ஸ்பேனர எடுக்கறதுக்குள்ள நான் தாண்டிப்போடறனுங்க, பாருங்க" என்று கூறியுள்ளார். ஒரு வரி அறிவிப்புக்குப் பயந்து எவரும் அந்த ஆறு அடியைக் கடக்க நேரக்கூடாது என்பதே என் விண்ணப்பத்தின் சாரம். அவர் தமக்குத் தோன்றும் நாளில் கடக்கட்டும்.

17. நேர்மையின் பொருட்டு இன்னொன்றையும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். களஆய்வில் என் பட்டறையின் கிழக்குப்புறத் தகரக் கொட்டகை அளக்கப்படவில்லை. அதனுள் இரும்பறுக்கும் இயந்திரம் உள்ளது; பரப்பு நூற்றுப் பன்னிரண்டு சதுர அடி. விருந்தன்று தாம்பூலப் பைகளும் மாலைக் கூடைகளும் அதன் வாயிலை மறைத்திருந்ததே அது விடுபடக் காரணம். அது தொழிலுக்குப் பயன்படும் இடம் என்பதால் உரிய வரியை விதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு உரிமையில்லாத விலக்கை வைத்துக்கொண்டு உரிமையுள்ள விலக்கைக் கேட்பது எனக்குச் சம்மதமில்லை.

18. ஆகவே தங்களிடம் வேண்டுவன:

(அ) மேற்படி கூடத்தைத் திருமண மண்டபம் என்ற வகைப்பாட்டிலிருந்து நீக்கி, அறக்கட்டளைக் கட்டடத்திற்குரிய சொத்துவரி விலக்கை மீட்டளித்தல்;

(ஆ) களஆய்வுக் குறிப்பில் "மணமேடைப் பகுதி" என்றுள்ளதை "நடைப்பயிற்சித் தளம்" எனத் திருத்துதல்;

(இ) பத்தி 17-இல் கண்ட கொட்டகைக்கு வரி விதித்தல்;

(ஈ) வருவாய் உதவியாளரிடம் இது குறித்து விளக்கம் ஏதும் கோராதிருத்தல்;

(உ) தாங்களே நேரில் வந்து கூடத்தைப் பார்வையிடுதல். எந்த நாளிலும் வரலாம், முன்னறிவிப்புத் தேவையில்லை. இம்முறை அளவு நாடா முதலில், இலை பின்னர் என்ற ஒழுங்கு கடைப்பிடிக்கப்படும் என உறுதியளிக்கிறேன். என் கணவரிடமும் இதற்கு ஒப்புதல் பெற்றுள்ளேன்.

எங்கள் பக்கத்துப் பிழைகளைப் பொறுத்து, தங்கள் பக்கத்துப் பிழையைத் திருத்தி ஆவன செய்வீர்கள் என்ற முழு நம்பிக்கையுடன் இவ்விண்ணப்பத்தைத் தங்கள் மேசையில் வைக்கிறேன்.

இடம்: நொய்யல்மேடு
நாள்: 13.10.2025

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) வே. நாச்சியம்மாள்
நிர்வாக அறங்காவலர்

இணைப்பு:
1. அறக்கட்டளைப் பதிவு ஆவண நகல்.
2. 2019-ஆம் ஆண்டின் வரிவிலக்கு ஆணை நகல்.
3. மேற்குச் சுவரில் உள்ள அறுபத்து மூன்று பெயர்களின் புகைப்படம்.
4. மேற்படி பேனரின் புகைப்படம் (புறாக்கள் தெளிவாகத் தெரியும்படி).
5. திருமணப் பேனரைப் பயன்படுத்தியது தம் செயலே என்று திரு. தமிழ்வேந்தன் எழுதிக்கொடுத்த ஒப்புதல் கடிதம்.
6. இயன்முறை மருத்துவர் திருமதி சண்முகப்பிரியாவின் சான்று.
7. கிழக்குப்புறக் கொட்டகையின் வரைபடம், அளவுகளுடன் (வரைந்தவர்: மனுதாரர்).

திருத்தம்
(நாள் 13.10.2025, மாலை 5.10 மணி)

ஐயா, இம்மனுவைக் கையொப்பமிட்டு உறையிலிட்ட பின்னர், இன்று மாலை 4.20 மணியளவில், அதில் தெரிவித்த சில விவரங்கள் உண்மைக்குப் புறம்பாகிவிட்டன. பிழையான விவரங்களுடன் ஓர் அரசு அலுவலகத்திற்கு மனு அனுப்பும் வழக்கம் எனக்கில்லை என்பதால் உறையைப் பிரித்து இத்தாளைச் சேர்க்கிறேன். புதிதாகத் தட்டச்சு செய்ய இயலாத அளவுக்குக் கூடத்தில் கூச்சலாக இருப்பதால் கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்தருள்க.

நடந்தது இதுவே. செல்வி நந்திதா வழக்கம்போல் முப்பத்தாறாம் பொட்டில் நின்றார். வழக்கம்போல் திரும்புவார் என்றெண்ணி எவரும் அவரைக் கவனிக்கவில்லை. என் கணவர் பக்கத்தில் இருந்தவருக்குச் செருப்பு வார் மாட்டிக்கொண்டிருந்தார். நான் பட்டறையில் இருந்தேன். கூடத்தில் பேச்சுச் சத்தம் திடீரென நின்றதால் பின்வாசல் வழியே எட்டிப் பார்த்தேன். அவர் கைகள் இரண்டும் காற்றில் இருந்தன. மூன்று பொட்டுகளைத் தாண்டியிருந்தார். மீதி மூன்றையும் அவர் கடப்பதை நாங்கள் அனைவரும் பார்த்தோம். சுவரைத் தொட்டதும் அவர் திரும்பி என்னைப் பார்த்து, "அக்கா, ஸ்பேனர உள்ள வெய்யுங்க" என்றார்.

ஆகவே கீழ்க்கண்டவாறு திருத்தி வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்:

பத்தி 6-இல் "அறுபத்து மூன்று பேர்" என்பதை "அறுபத்து நான்கு பேர்" எனவும்;

பத்தி 13-இல் உள்ள அதே எண்ணிக்கையையும் அவ்வாறே;

பத்தி 16-இல் "பயிற்சியில் உள்ளோர் பதினொருவர்" என்பதைப் "பத்துப் பேர்" எனவும் திருத்தி வாசிக்கவும்;

இணைப்பு 3-இல் உள்ள புகைப்படம் நேற்று எடுக்கப்பட்டது. சுவரில் புதிய பெயரின் வண்ணம் இன்னும் காயவில்லை. காய்ந்ததும் புதிய புகைப்படம் தனியே அனுப்பப்படும்.

விருந்து தீபாவளி கழிந்து 23.10.2025 வியாழக்கிழமை நண்பகல். மாலைகள் இரண்டு: ஒன்று நந்திதாவிற்கு, மற்றொன்று பல்லடத்திலிருந்து நாள்தோறும் அவரை அழைத்துவந்த அவருடைய தாயாருக்கு. பேனரில் ரோஜாக்களோ புறாக்களோ இடம்பெறக் கூடாதென்று திரு. தமிழ்வேந்தனுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்தப்பட்டுள்ளது. தாங்கள் பார்வையிட அந்நாளையே தேர்ந்தெடுத்தால் வருவாய் உதவியாளரையும் உடன் அழைத்துவரக் கோருகிறேன். அன்று அவர் வாழ்த்திய வாழ்த்து பலித்துவிட்டதென்று கலீல் ரஹ்மான் தம்பதியர் அவரிடம் நேரில் தெரிவிக்க விரும்புகிறார்கள்.

பத்தி 16-இல் "முப்பத்தாறு அடி வரை நடக்கிறார்" என்றுள்ள வரியை, "நாற்பத்திரண்டு அடியும் நடந்தார்" எனத் திருத்தி வாசிக்கவும்.

(ஒப்பம்) வே. நாச்சியம்மாள்